சித்தப்பாவின் எடை

அப்பாவுக்கு எழுபது முடிகிறது. பீமரத சாந்திக்கு வருகிறவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஒரு சின்னப் புத்தகமும் கொடுக்கலாமே என்று சொன்னது என் வாய். "நீதான் பி.காம். ஆச்சே, நீயே டைப் பண்ணிடு" என்றாள் அம்மா. டெபிட், கிரெடிட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்க மாட்டார்கள்.

16 பக்கம், 12 போட்டோ. பழைய ஆல்பத்தை செல்போனில் படம் பிடித்து வேர்டில் ஒட்டினேன். மூலையைப் பிடித்து இழுத்து எல்லாவற்றையும் உள்ளங்கை அளவாக்கினேன். அப்படியும் ஃபைல் 48 எம்.பி.! ஜிமெயிலில் இணைத்து அனுப்ப எல்லை 25 எம்.பி.தான். பென் டிரைவில் போட்டுக்கொண்டு டி.டி.பி. கடைக்கு நடந்தேன்.

கடைப் பையனுக்கு இருபது வயசு இருக்கும். "சார், இழுத்தா பார்வைக்குத்தான் சின்னதாகும். உள்ளே அதே பெரிய படம்தான். பாக்கறீங்களா?" என்றவன், ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்தான். பெயரின் வாலில் இருந்த டாக்ஸ் என்பதை ஜிப் என்று மாற்றித் திறந்தான். உள்ளே வேர்ட், அதற்குள்ளே மீடியா என்றொரு ஃபோல்டர். என் 12 படங்களும் அங்கே ஒவ்வொன்றும் 4 எம்.பி. கனத்தில் உட்கார்ந்திருந்தன.

ஐந்தாவது படத்தைத் திறந்தான். எனக்கு வேர்த்துவிட்டது. அப்பாவுக்குப் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கிறார் சித்தப்பா!

வீட்டுப் பாகப்பிரிவினையில் பேச்சு நின்று பதினொரு வருஷம். அப்பா மனசு நோகக் கூடாதென்று நான்தான் அவரை கிராப் பண்ணியிருந்தேன். "கிராப் பண்ணா மறையும் சார், போகாது" என்றான் பையன். ஆதார் அட்டைப் படத்தில் நம்பரை மட்டும் இப்படி மறைத்து ஃபைலை அனுப்புகிறவர்கள் கவனிக்கவும்.

தரம் குறையக் கூடாதென்று ஆப்ஷன்ஸில் 'படத்தைச் சுருக்காதே' என்பதற்கு நான் போட்டிருந்த டிக்கை முதலில் எடுத்தான். பிறகு ஒரு படத்தைத் தொட்டு, மேலே பிக்சர் ஃபார்மட், அதில் கம்ப்ரஸ் பிக்சர்ஸ். 'இந்தப் படத்துக்கு மட்டும்' என்ற டிக்கையும் எடுத்தான். "அங்குலத்துக்கு 220 புள்ளி, நம்ம பிரிண்டுக்குப் போதும். மெயிலில் மட்டும் பார்க்க 96-ஏ போதும்."

எனக்குக் கணக்கு உடனே புரிந்தது. செல்போன் படம் 4000-க்கு 3000, அதாவது ஒரு கோடியே இருபது லட்சம் புள்ளி. நாலு அங்குலத்தில் அச்சடிக்க 880-க்கு 660 போதும். ஆறு லட்சம்கூட இல்லை. இருபதில் ஒரு பங்கு!

"வெட்டின பாகத்தை அடியோட அழிச்சிடவா? அழிச்சு சேவ் பண்ணிட்டா இந்த ஃபைல்ல திரும்ப வராது சார்."

"இருப்பா" என்று அப்பாவுக்கு போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"நேத்து நீ காட்டினப்பவே பார்த்தேன். என் தோள்ல ஒரு கை மட்டும் தனியா இருக்கே, யார் கைன்னு யாராவது கேட்டா என்னடா சொல்லுவே?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஆளை வெட்டியவன் கையை விட்டுவிட்டேன்!

"அவன் அங்கேயே இருக்கட்டும்" என்று போனை வைத்துவிட்டார்.

சித்தப்பாவை முழுசாக வெளியே இழுத்துவிட்டு, அப்புறம் சுருக்கினோம். 48 எம்.பி. இரண்டரையாக இறங்கியது. அதில் சித்தப்பாவின் பங்கு நூறு கே.பி.கூடத் தேறாது என்றான் பையன். பதினொரு வருஷமாக அதைத்தான் மலை மாதிரி சுமந்துகொண்டிருந்தோம்.

விசேஷத்துக்கு அவர் வருவாரா என்கிறீர்களா? தெரியாது. புத்தகம் தபாலில் போயிருக்கிறது. உறை மேல் விலாசம் எழுதியது அப்பா.