முதலில் சூடு, பிறகு மருந்து

எனக்குப் பாம்புகள் மேல் இருந்தது பயம் மட்டுமில்லை, கோபமும்தான். நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது புவனகிரிப் பக்கம் எங்கள் ஊரில் என் சித்தியைக் கட்டுவிரியன் கடித்தது. தரையில் பாய் போட்டுப் படுத்திருந்தவள் விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கடிவாயில் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. ராத்திரிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள். இமை தானாகச் சரியத் தொடங்கிய பிறகுதான் வண்டி தேடினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. அந்த விஷம் நரம்பிலிருந்து தசைக்குப் போகும் கட்டளையை அறுத்துவிடும், கடைசியில் மூச்சுத் தசைகளும் நின்றுபோகும் என்று பின்னால் கால்நடை மருத்துவம் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். தெரிந்துகொண்டதால் கோபம் குறையவில்லை.

அந்த ஐந்தரை ஆண்டுப் படிப்பில் ஊர்வனவற்றுக்காக ஒதுக்கப்பட்டது மிகக் கொஞ்ச நேரம். எனக்கு அது போதும் என்றுதான் இருந்தது. சிதம்பரம் வட்டாரத்தில் கால்நடை மருந்தகத்தில் வேலை கிடைத்தது. மாடு, ஆடு, கோழி, நாய் என்று நாள் போய்விடும்.

ஒரு தை மாதம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்த நேரம், வனக்காப்பாளர் ஒருவர் சாக்குப்பையோடு வந்தார். உள்ளே ஒரு சாரைப்பாம்பு. வாய்க்காலில் கிடந்த நைலான் மீன்வலையில் சிக்கி, உடம்பில் மூன்று இடத்தில் வலை இறுகிக் கிடந்தது. “மேடம், உயிர் இருக்கா பாருங்க” என்றார். இல்லை என்று ஆகிவிட்டால் நன்றாக இருக்குமே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உயிர் இருந்தது. அவர் தலையைப் பிடித்துக்கொள்ள, நான் தையல் பிரிக்கும் கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டினேன். சாரைக்கு விஷமில்லை என்பது மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. கத்தரியின் முனை புண்ணில் பட்ட ஒவ்வொரு தடவையும் அந்த உடம்பின் தசை தலையிலிருந்து வால் வரை ஒரு அலையாக இறுகித் தளர்ந்தது. சத்தம் இல்லை. வலி இருந்தது. ஊசி போட்டால் மாடு துள்ளும், நாய் கத்தும். சத்தம் போடத் தெரியாத உயிருக்கு வலி இல்லை என்று நாம் முடிவுகட்டி வைத்திருக்கிறோம். என் கைக்கடியில் அந்தத் தசை இறுகியபோது என் கோபத்துக்குப் பிடிமானம் இல்லாமல் போனது. சித்தியைக் கடித்தது இது இல்லை. இது வேறொரு உயிர், காயம்பட்டு என் மேசைக்கு வந்திருக்கிறது.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கும் என் சீனியர் ஒருவருக்குப் போன் போட்டு, எந்த ஆன்டிபயாடிக், எவ்வளவு டோஸ் என்று கேட்டேன். “அத அப்புறம் சொல்றேன். பாம்பு இப்ப எங்க கெடக்கு?” என்றார். சிமெண்ட் தரையில் என்றேன். “முதல்ல அதச் சூடாக்கும்மா.”

அந்த ஒரு வரியிலிருந்துதான் எனக்கு இந்த வைத்தியம் விளங்க ஆரம்பித்தது. நம் உடம்பு தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பாம்பு, பல்லி, ஆமை, முதலை எல்லாம் அதை வெயிலிடமிருந்தும் மண்ணிடமிருந்தும் வாங்கிக்கொள்கின்றன. அந்தச் சூட்டில்தான் இரை செரிக்கும், புண் ஆறும், கிருமியோடு ரத்தம் போராடும், மருந்து உடம்பில் பரவி வெளியேறும். பல பாம்புகளுக்கு 28 முதல் 32 டிகிரி வேண்டும். தை மாதத்து விடியலில், குளிர்ந்த தரையில் கிடக்கும் பாம்புக்கு நான் எவ்வளவு நல்ல மருந்து போட்டாலும் அது போட்ட இடத்தில்தான் கிடக்கும்.

எனவே வரிசை இதுதான்: சூடு, பிறகு தண்ணீர், பிறகு மருந்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் தீனி. வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வைக்க வேண்டும், வேண்டாமென்றால் விலகிப் போக மறுபக்கம் குளுமையாக இருக்க வேண்டும். பல்பைப் பெட்டிக்குள் தொங்கவிடக் கூடாது. தோல் வெந்துபோகிற அளவுக்குச் சுட்டாலும் இவை பல நேரம் நகராமல் அப்படியே கிடக்கும். பசியோடிருக்கிறதே என்று குளிர்ந்த உடம்புக்குள் இரையைத் திணித்தால் அது செரிக்காமல் வயிற்றிலேயே அழுகும். கோயில் புற்றில் பால் ஊற்றுகிறவர்களின் பக்தியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பட்டினி போட்ட பாம்பின் வாயில் பாலைப் புகட்டினால் அது நுரையீரலுக்குப் போய்க் கொல்லும்.

இன்னொன்றையும் அந்தச் சாரைதான் கற்றுக்கொடுத்தது. வலையை அறுத்ததும் நன்றாக நெளிந்தது. விட்டுவிடலாம் என்று வனக்காப்பாளர் சொன்னார், எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சீனியர் தடுத்தார். இறுகிய இடத்தில் ரத்தம் நின்றுபோன தோல் அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சில நாள் கழித்துக் கறுத்து உரியும். அப்படியேதான் நடந்தது. மாட்டுக்கு நான் தினமும் போடும் வகை ஊசியை இதற்கு மூன்று நாளுக்கு ஒருமுறை போட்டேன். செஃப்டாசிடிம் என்கிற அந்த ஆன்டிபயாடிக் ஊர்வன உடம்பில் அவ்வளவு நேரம் தங்கும். புண் ஆறித் தோல் உரித்த பிறகு, வனத்துறையினர் பிடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் விட்டார்கள்.

அதற்குப் பிறகு வட்டாரத்தில் பேர் பரவிவிட்டது. கடலூரிலிருந்து ஒரு குடும்பம் பிளாஸ்டிக் டப்பாவில் ஆமை ஒன்றைக் கொண்டுவந்தது. காதோரம் சிவப்புப் பட்டையுள்ள, மீன்தொட்டிக் கடைகளில் விற்கும் வெளிநாட்டு ஆமை. இரண்டு கண்ணும் வீங்கி மூடியிருந்தன, ஓடு விரல் அழுத்தினால் அமுங்கியது. காய்ந்த இறால் மட்டுமே தீனி, இடம் ஏசி ஹால். “ஜன்னல் பக்கம்தான் வெச்சிருக்கோம் டாக்டரம்மா, வெயில் படுது” என்றார் அந்த அம்மா. கண்ணாடி வெளிச்சத்தை விடும், எலும்புக்கு வேண்டிய புற ஊதாக் கதிரை விடாது. அது இல்லாமல் வைட்டமின் டி இல்லை, வைட்டமின் டி இல்லாமல் கால்சியம் ஏறாது. கண் வீக்கம் வைட்டமின் ஏ குறைவால். அந்த வீட்டில் யாரும் அதன் மேல் அன்பில்லாதவர்கள் இல்லை, விற்றவர் எதுவும் சொல்லவில்லை, அவ்வளவுதான். வெயிலும் கீரையும் கொடுத்துத் தேற்றினோம். பெரிதாகிவிட்டால் பெருமாள் ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டேன். அது அங்கே பிழைத்துவிடும், நம் ஊர் ஆமைகளின் இரையையும் இடத்தையும் பறித்துக்கொள்ளும்.

ஆமைகளைப் பற்றிச் சொல்லும்போது என் சக டாக்டர்களுக்கு ஒரு வார்த்தை. மருந்தகத்தில் மாட்டு உண்ணிக்கு வைத்திருக்கும் ஐவர்மெக்டின் ஆமைக்கு விஷம். எந்த ஆமைக்கும் அதைத் தொடாதீர்கள்.

ஆமை புகுந்த வீடு உருப்படாது என்கிற நாமே, நட்சத்திர ஆமையை அதிர்ஷ்டம் என்று பெட்டிக்குள் வைத்து வளர்க்கிறோம். உடும்பு, மலைப்பாம்பு, முதலை, கடலாமை போலவே அதுவும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. வளர்த்தால் தண்டனை உண்டு. பயத்தால் பலர் வைத்தியத்துக்கே கொண்டுவருவதில்லை, அந்த ஆமைகள் பெட்டிக்குள்ளேயே ஓடு கோணிச் சாகின்றன. வனத்துறையிடம் ஒப்படையுங்கள் என்றுதான் கெஞ்சுகிறேன்.

பரங்கிப்பேட்டைக்கும் முடசல் ஓடைக்கும் போனபோது மீனவர்களிடமிருந்து கற்றுக்கொண்டது நிறைய, சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்று. வலையில் அசையாமல் வரும் பங்குனி ஆமை செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். நீருக்கடியில் மூச்சு முட்டி மயங்கிக் கிடக்கலாம். மல்லாத்தாமல் வயிறு தரையில் படும்படி வைத்து, பின்பக்கத்தை ஒரு சாண் உயர்த்துங்கள், நுரையீரல் தண்ணீர் வடியட்டும். நிழலில், ஈரத் துணி போட்டு, மூக்கை மூடாமல், குறைந்தது நான்கு மணி நேரம் காத்திருங்கள். ஒரு நாள் முழுக்கக் கழித்து எழுந்த ஆமைகளும் உண்டு. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஒதுங்கிய ஆமைகள், இழுவலையில் சிக்கி மூச்சு முட்டிச் செத்தவை என்றுதான் பெரும்பாலும் சொல்லப்பட்டது. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்குகிறது. முட்டையிட ஆமைகள் கரைக்கு வருவதோ தையிலும் மாசியிலும். அந்த மாதங்களில் படகில் இருக்கும் மீனவர்தான் அவற்றுக்கு முதல் டாக்டர்.

முதலை விஷயத்தில் என்னால் இவ்வளவு இலகுவாகப் பேச முடியாது. வேளக்குடி, அகரநல்லூர் போன்ற கொள்ளிடக்கரை ஊர்களில் குளிக்கப் போனவர்கள் முதலைக்குப் பலியாகியிருக்கிறார்கள். அந்த வீடுகளின் திண்ணையில் உட்கார்ந்தவள் நான், என் சித்தி செத்த வீடும் அப்படித்தான் இருந்தது. ஊருக்குள் வந்த முதலையைப் பிடித்து வக்காரமாரி குளத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். பிடிக்கத்தான் வேண்டும். ஆனால் கூட்டம் கூச்சல் போட, மணிக்கணக்கில் கயிற்றோடு போராடவிட்டால் அதன் தசைகளில் அமிலம் ஏறும், வெளிக்காயமே இல்லாமல் பிறகு செத்துப்போகும். கண்ணை ஈரத் துணியால் மூடினால் பாதிப் போராட்டம் அடங்கிவிடும். கூட்டத்தை விலக்குவதுதான் அங்கே முதல் சிகிச்சை.

கடலூர் மாவட்டத்துக்கு ஒரு சூடான அறை வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சூட்டை அளந்து வைக்கும் பெட்டிகள், புற ஊதா விளக்கு, ஒரு தண்ணீர்த் தொட்டி, பயிற்சி பெற்ற ஓர் உதவியாளர். ஓடு உடைந்த ஆமை தேற மாதங்கள் ஆகும், அதற்கு இடம் இல்லாமல் வேப்பேரிக்கோ புதுச்சேரியின் குரும்பாபேட்டைக்கோ வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கோ வழி கேட்க வேண்டியிருக்கிறது. அத்தனை தூரத்தை அந்த உயிர் தாங்குமா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

இந்தத் தையில் அறுவடை இயந்திர ஓட்டுநர்களிடம் பேசிவருகிறேன். வயலின் ஓரத்திலிருந்து சுற்றிச் சுற்றி உள்ளே அறுத்தால் எலியும் பாம்பும் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. நடுவிலிருந்து தொடங்கி வெளியே வந்தால் வரப்புக்கு ஓடிவிட வழி கிடைக்கும். டீசல் கூடச் செலவாகுமே என்று சிலர் தயங்கினார்கள். இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள்.