சைலன்சர் லூஸு

மூணு வாரமா எங்க தெருவுக்கே நான்தான் அலாரம். காலையில ஏழே முக்காலுக்கு வண்டிய ஸ்டார்ட் பண்ணினா படபடபடன்னு ஒரு சத்தம். எதிர்வீட்டு அக்கா, "என்ன தம்பி, புல்லட்டு வாங்கிட்டியா?"ன்னு கேட்டே விட்டாங்க. புல்லட்டாவது ஒண்ணாவது. அதே பழைய ஸ்கூட்டர்தான், ரெண்டு பக்கமும் சைடு வீல் மாட்டினது. சைலன்சர் லூஸு.

(ஊருக்குள்ள எல்லாரும் இதை மூணு சக்கர வண்டின்னுதான் சொல்றாங்க. எண்ணிப் பார்த்தா நாலு. ஆர்.சி. புக்குல இன்னும் அழகான பேரு: 'இன்வேலிட் கேரேஜ்'. 1988 மோட்டார் வாகனச் சட்டம் வச்ச பேரு அது. செல்லாத நோட்டு மாதிரி செல்லாத வண்டி! 2019ல சட்டத்தைத் திருத்தி 'அடாப்டட் வெஹிக்கிள்'னு மாத்திட்டாங்க. என் புக்குல நான் இன்னும் செல்லாதவன்தான்.)

ஒத்தக்கடையிலிருந்து மதுரைக்குப் போற வழியில ஹைகோர்ட்டு கிளை இருக்கு, 2004ல திறந்தது. அந்த வாசலைத் தாண்டும்போது மரியாதைக்கு ஆக்சிலேட்டரைக் குறைப்பேன். அதுதான் தப்பு. குறைச்ச உடனே டமார்னு ஒரு வெடி. வாசல்ல நிக்கிற போலீஸ்காரர் ஒரு தடவை திரும்பி முறைச்சார். அப்புறம் சைடு வீலைப் பார்த்துட்டு முகத்தைத் திருப்பிக்கிட்டார். முறைச்சிருந்தாக்கூடப் பரவாயில்லை.

ஏன் வெடிக்குதுன்னா, ஆக்சிலேட்டரை விட்டதும் எரியாத பெட்ரோல் கொஞ்சம் சைலன்சருக்குள்ள போயிரும். இன்ஜினும் சைலன்சரும் சேர்ற ஜாயின்ட்ல இடைவெளி இருந்தா, அது வழியா வெளிக்காத்தை உள்ள இழுத்துக்கும். சூடான குழாய்க்குள்ள பெட்ரோலும் காத்தும் சேர்ந்தா வேற என்ன நடக்கும்?

முதல்ல மாட்டுத்தாவணி பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். பையன் குனிஞ்சு பார்த்தான், பின்னாடி ரெண்டு போல்ட்டை இறுக்கினான், அம்பது ரூவா வாங்கினான். ரெண்டு நாள் அமைதி. மூணாவது நாள் பழையபடி படபட.

அடுத்த பட்டறைக்காரர் விவரமானவர். "முன்னாடி பேக்கிங் போயிருச்சுண்ணே. சைடு வீலோட பிரேமு குறுக்க நிக்குது, கை போகாது. அதைக் கழட்டணும். வண்டிய விட்டுட்டுப் போங்க, நாளைக்குச் சாயங்காலம் வாங்க"ன்னார்.

"வண்டிய விட்டுட்டு நான் எப்படிண்ணே போறது?"

அவர் என் கால்ல இருக்கிற காலிப்பரைப் பார்த்தார், வண்டியப் பார்த்தார். "ஆட்டோ பிடிச்சுக் குடுக்கவா?"ன்னு கேட்டார். நல்ல மனுசன்தான். ஆனா ஆட்டோவுல வீட்டுக்குப் போயிரலாம், மறுநாள் வேலைக்கு? சைடு வீலைக் கழட்டுறது மத்தவங்களுக்கு வண்டி வேலை. எனக்கு அது காலைக் கழட்டி வச்சுட்டுப் போறது. வேண்டாம்ணேன்னு படபடத்துக்கிட்டே வீடு வந்து சேர்ந்தேன்.

இப்படியே ஓட்டிரலாம்னுதான் இருந்தேன். சத்தம்தானே, யாருக்கு என்ன? மைலேஜ் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்னு நெனைச்சேன். அப்பத்தான் மேலூர்ப் பக்கம் இருக்கிற ஒரு நண்பரைப் பார்க்கப் போனேன். எனக்குப் போலியோ. அவருக்கு அப்படி இல்ல, சாரத்துல இருந்து விழுந்து முதுகுத்தண்டுல அடி. ரெண்டு பேரும் ஓட்டுறது ஒரே மாதிரி வண்டி. வலது கணுக்காலுக்கு மேல பெரிய கட்டு போட்டு உக்காந்திருந்தார். என்னண்ணே ஆச்சுன்னேன். "சைலன்சர்ல கால் பட்டுருச்சு. பட்டது எனக்குத் தெரியல. பேன்ட் கருகின வாசம் வந்தப்பத்தான் குனிஞ்சு பார்த்தேன்"னு சிரிச்சுக்கிட்டே சொல்றார்.

போலியோவுல தசைதான் போகும், உணர்ச்சி போகாது. எனக்குச் சுட்டா அலறுவேன். முதுகுத்தண்டு போனவங்களுக்கு இடுப்புக்குக் கீழ சூடும் தெரியாது, குளிரும் தெரியாது. மேடு பள்ளத்துல கால் ஃபுட்போர்டை விட்டு நழுவினாலும் தெரியாது. அவர் வண்டியிலயும் ஜாயின்ட் லூஸு. அங்கிருந்து வர்ற சூட்டுப்புகை நேரா கால் மேலதான் அடிச்சுக்கிட்டிருந்திருக்கு. புண்ணு ஆற ரெண்டு மாசம் ஆகும்னு டாக்டர் சொல்லியிருக்கார். அதுவரைக்கும் வண்டி கிடையாது, வேலை கிடையாது.

2014 மார்ச்சுல இந்தியாவைப் போலியோ இல்லாத நாடுன்னு அறிவிச்சப்ப, இந்த வண்டிகளெல்லாம் எங்க தலைமுறையோட முடிஞ்சிரும்னு நெனைச்சேன். எங்க முடியுது? ரோட்டுலயும் சாரத்துலயும் விழுந்தவங்க வந்துக்கிட்டே இருக்காங்க. அரசாங்கம் இலவசமாவும் வண்டி குடுக்குது, நல்ல விஷயம். ஆனா அதுக்கு அடியில கை விடத் தெரிஞ்ச மெக்கானிக்கை யாரு குடுக்கிறது?

அன்னைக்குத் திரும்பி வரும்போது ஒவ்வொரு வெடிக்கும் எனக்கு அந்தக் கட்டுதான் ஞாபகம் வந்துச்சு.

நிற்க. ஒத்தக்கடையில ஒரு பெரியவர் இருக்கார். டிராக்டர், பம்பு செட்டு, டிவிஎஸ் 50, எது வந்தாலும் பார்ப்பார். பட்டறைன்னா ஒரு வேப்பமரமும் ஒரு தகரக் கொட்டாயும்தான். அவர்கிட்ட, "அண்ணே, சைடு வீலைக் கழட்டாமப் பார்க்க முடியுமா?"ன்னு கேட்டேன்.

"கழட்டுறவன் கழட்டுவான். நமக்கெதுக்கு? ஏத்து மேல."

மேலன்னா? மரத்தடியில உக்கார்றதுக்குன்னு போட்டிருந்த கிரானைட் துண்டுகளைக் கைக்காரப் பையனை விட்டு இங்கிட்டு ஒண்ணு அங்கிட்டு ஒண்ணுன்னு அடுக்கினார். சாதாரண ஸ்கூட்டர்னா மெக்கானிக் ஒரு பக்கமா சாய்ச்சுப் போட்டு அடியில வேலை பார்ப்பார். நம்ம வண்டி சாயாது, சாயக்கூடாதுன்னுதானே சைடு வீலே மாட்டியிருக்கு. நாலு சக்கரத்துக்கும் கல்லு குடுத்து முக்கால் முழம் தூக்கினதும், பெரியவர் சாக்கை விரிச்சு அடியில மல்லாக்கப் படுத்துட்டார். நானும் காலிப்பரைக் கழட்டி வச்சுட்டுத் தரையில உக்காந்து டார்ச் அடிச்சேன்.

சூடு ஆறுற வரைக்கும் தொடவே இல்ல. ஆறினதும் ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணச் சொல்லி, ஈரத்துணியால சைலன்சர் வாயை ஒரு நொடி பொத்தினார். ஜாயின்ட்ல 'ஸ்ஸ்ஸ்'னு காத்து. சுத்தி கரி படிஞ்சிருந்துச்சு. ரெண்டு நட்டு இருக்கணும். ஒண்ணு லூஸு, இன்னொண்ணு ஆளையே காணோம்!

துருப்பிடிச்ச நட்டுக்கு எண்ணெய் விட்டு ஒரு டீ குடிக்கிற நேரம் ஊற விட்டார். "அவசரப்பட்டு முறுக்கினா ஸ்டட்டு ஒடிஞ்சிரும். அப்புறம் ஹெட்டையே கழட்டணும்"னார். நீளமான கம்பியில மடங்குற மூட்டு வச்ச பாக்ஸ் ஸ்பானர் வச்சிருந்தார், அது பிரேமுக்கு இடையில நுழைஞ்சு போயிருச்சு. இதுக்குத்தான் ஒரு நாள் வண்டிய விட்டுட்டுப் போகச் சொன்னாங்க.

பழைய பேக்கிங் நசுங்கித் தகடா வந்துச்சு. புதுசை வச்சார். அப்புறம்தான் விஷயம். பின்னாடி போல்ட்டு ரெண்டையும் சும்மா மாட்டி விட்டார், இறுக்கல. முன்னாடி நட்டை இதுல கொஞ்சம் அதுல கொஞ்சம்னு மாத்தி மாத்தி இறுக்கி முடிச்சிட்டுத்தான் பின்னாடி வந்தார். ஏண்ணேன்னு கேட்டேன். "பின்னாடி முதல்ல இறுக்குனா குழாயி கோணிக்கும்ப்பா. முன்னாடி வாய் சரியா உக்காராது. ரெண்டு நாளைக்குச் சத்தம் வராது, அப்புறம் வரும்."

மாட்டுத்தாவணி அம்பது ரூவாய்க்கு அர்த்தம் அப்பத்தான் வெளங்குச்சு.

இன்னொண்ணும் காட்டினார். வலது சைடு வீல் பள்ளத்துல இறங்கும்போது அதோட பட்டை சைலன்சர்ல இடிச்சிருக்கு, பளபளன்னு தேஞ்ச தடம். பட்டையை லேசா வெளிப்பக்கம் தட்டி ஒரு விரல் இடைவெளி விட்டார். இல்லேன்னா மறுபடியும் லூஸாகும்னார். வண்டியச் செஞ்சு விக்கிறவங்களுக்கு இந்த ஒரு விரல் ஏன் தோணலைன்னு எனக்கு வந்த கோவத்துல பாதிகூட அவருக்கு வரல.

ஸ்டார்ட் பண்ணினேன். சத்தமே இல்ல. ரெண்டு மூணு நாள் ஓட்டிட்டு, இன்ஜின் ஆறினதுக்கப்புறம் இன்னொரு தடவை நட்டை இறுக்கணும், வந்துரணும்னு சொல்லிட்டு, பேக்கிங் காசோட சேர்த்து இருநூறு வாங்கிக்கிட்டார்.

புதன்கிழமை போய் இறுக்கிட்டு வந்தேன். ஞாயித்துக்கிழமை மேலூர் நண்பரோட வண்டிய அவர் தம்பி ஓட்டிட்டு வந்தான். வரும்போதே ஒத்தக்கடை முக்குல இருந்து சத்தம் கேட்டுச்சு. நான் மரத்தடியில கல்லை அடுக்கச் சொல்லிட்டு உக்காந்திருந்தேன். பெரியவர் சாக்கை விரிச்சார். பையன் ஸ்பானரை எடுத்துக்கிட்டு அடியில நுழையப் போனான்.

"இருடா, ஆறட்டும்"னேன் நான்.