எட்டு நாற்காலி போதும்!

ஆழ்வார்பேட்டை எல்டாம்ஸ் ரோட்டில் இருக்கும் சி.பி. ஆர்ட் சென்டருக்குப் போயிருக்கிறீர்களா? புடவை, நகை, கைவினைப் பொருள் என்று அடிக்கடி ஏதாவது ஒரு கண்காட்சி நடக்கும். அது மாதிரிக் கண்காட்சிகளில், ஏதோ ஒரு மூலையில், ஆறடி மேஜை மேல் கலர் கலராக டப்பாக்களை அடுக்கிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். ‘வாங்க மேடம், சீட்டு எழுதிப் போடுங்க, குலுக்கல்ல பரிசு இருக்கு’ என்று கூப்பிடுவாள். நீங்களும் பார்த்தும் பார்க்காத மாதிரி நகர்ந்து போயிருப்பீர்கள்.

அந்தப் பெண் நான்தான். 2003-ல் உட்கார ஆரம்பித்தவள், இன்னும் எழுந்திருக்கவில்லை.

கம்பெனிப் பெயர் இங்கே வேண்டாம், விளம்பரம் என்பீர்கள். மூடி இறுக்கமாக இருக்கும் டப்பா, தண்ணீர் பாட்டில், குழந்தைகளுக்கு லஞ்ச் பாக்ஸ். நான் சேர்ந்த காலத்தில் இது எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு வீட்டு ஹாலில் பத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்து, தொட்டுப் பார்த்து, மூடியைத் திறந்து மூடி, ஆர்டர் கொடுக்க வேண்டும். அதற்குப் பெயர் பார்ட்டி. வீட்டுக்காரப் பெண்ணுக்குப் பெயர் ஹோஸ்டஸ். விற்பனை எவ்வளவோ, அதைப் பொறுத்து அவருக்குப் பரிசு.

ஆகவே கண்காட்சியில் என் வேலை வீடு தேடுவது. அங்கே நாலு டப்பா விற்றால் ஸ்டால் வாடகைக்கே சரியாகிவிடும். ஆனால் கண்ணாடிக் கிண்ணத்தில் விழும் சீட்டில் பெயர், போன் நம்பர், ஏரியா மூன்றும் இருக்குமே, அதில்தான் என் அடுத்த மாசச் சம்பளம் இருந்தது.

இந்த முறையைக் கண்டுபிடித்தது நம் ஊர்க்காரர்கள் இல்லை. அமெரிக்காவில் ஏர்ல் டப்பர் என்பவர் 1946-ல் தன் டப்பர்வேர் டப்பாக்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். கடை அலமாரியில் அவை தூங்கின. மூடியை அழுத்திக் காற்றை வெளியேற்றி மூட வேண்டும் என்பதை யாராவது செய்து காட்டினால்தானே புரியும்? பிரவுனி வைஸ் என்ற பெண்மணி வீட்டு ஹால்களில் அதைச் செய்து காட்டி விற்றுத் தள்ளினார். 1951-ல் கம்பெனி கடைகளிலிருந்து சரக்கையே எடுத்துவிட்டு முழுக்க வீட்டு விற்பனைக்கு மாறியது. 1954-ல் ‘பிசினஸ் வீக்’ பத்திரிகையின் அட்டையில் இடம்பிடித்த முதல் பெண் அவர்தான். நாலே வருஷத்தில், 1958-ல், அதே கம்பெனி அவரை வெளியே அனுப்பியது. எனக்கு இந்தக் கதையை நினைத்தால் இன்னும் வயிறு எரியும். டப்பர்வேர் இந்தியாவுக்கு வந்தது 1996-ல்.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

தென் சென்னையை எல்லாரும் பஸ் ரூட்டாலும் கோயிலாலும் தெரிந்துவைத்திருப்பார்கள். எனக்கு அது ஹால்களால் ஆன ஊர். மயிலாப்பூர் ஹால் என்றால் ஊஞ்சல். தி.நகர் ஹால் என்றால் ஜன்னலைச் சாத்தினாலும் கேட்கும் ஹாரன். அடையாறு ஹாலுக்குப் போவதற்கு முன்னால் செக்யூரிட்டி நோட்டில் கையெழுத்து.

மயிலாப்பூரில் பார்ட்டிக்குத் தேதி குறிக்கப் பஞ்சாங்கம் தெரிய வேண்டும். செவ்வாய்க்கிழமை மூன்றிலிருந்து நாலரை ராகு காலம். ஞாயிறு நாலரையிலிருந்து ஆறு. பெண்களுக்குத் தோதான நேரமோ சாப்பாடு முடிந்து, குழந்தைகள் வருவதற்குள் இருக்கிற அந்தக் கொஞ்ச நேரம்தான். அப்புறம் அஷ்டமி, நவமி. மார்கழி மாசம் முழுக்கக் கச்சேரி. பங்குனியில் அறுபத்துமூவர் அன்று மாட வீதிக்குள் சைக்கிள்கூட நுழையாது, டப்பா மூட்டையோடு நான் எங்கே நுழைவது? ஆடி மாசம்தான் எனக்கு நல்ல மாசம். கல்யாணம் கிடையாது, எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.

தி.நகரில் பிரச்சினை வேறு. ‘இதே டப்பாவை ரங்கநாதன் தெருவுல நாப்பது ரூபாய்க்குத் தர்றான்’ என்று ஒருவராவது சொல்லுவார். சொல்லட்டும் என்று காத்திருப்பேன். வீட்டுக்காரம்மாவிடம் ரசம் கேட்டு வாங்கி, டப்பாவில் ஊற்றி மூடி, அவர் மடிக்கு மேலேயே தலைகீழாகப் பிடிப்பேன். கடவுள் புண்ணியத்தில் இதுவரை ஒரு புடவையும் வீணாகவில்லை.

அடையாறுதான் எனக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது.

2009 என்று நினைவு. நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டம் பக்கம் ஒரு கண்காட்சி. கையில் குழந்தையோடு ஒரு பெண் ஆசையாகச் சீட்டு எழுதினாள். நாகர்கோவில் பக்கம் சொந்த ஊர். கல்யாணமாகி வந்து அடையாறில் ஒரு ஃபிளாட். ‘பார்ட்டி வைக்கலாமாம்மா’ என்று கேட்டேன், உடனே சரி என்றாள். எனக்கு அந்த மாசம் இரண்டு பார்ட்டி குறைந்திருந்தது. டைரியில் தேதியை எழுதினேன், கேட்லாக் ஒன்றைக் கையில் கொடுத்தேன், ‘ஒரு இருபது பேரைக் கூப்பிட்டுடுங்க’ என்று சொல்லிவிட்டு அடுத்த சீட்டைப் பார்க்கப் போய்விட்டேன். அவ்வளவுதான் நான் செய்த ஏற்பாடு.

சொன்ன நாளில் மந்தைவெளியில் 29சி பிடித்து, மூட்டையோடு போய் இறங்கினேன். ஹாலில் இருபத்தைந்து பிளாஸ்டிக் நாற்காலி, வாடகைக்கு எடுத்தது. முப்பது பேருக்கு வாழைக்காய் பஜ்ஜி, கேசரி. அவள் தலை நிறைய மல்லிகை.

மூன்றரைக்கு யாரும் வரவில்லை. நாலு மணிக்கு வாட்ச்மேன் மனைவி வந்தார். நாலே காலுக்கு எதிர் வீட்டுப் பாப்பா எட்டிப் பார்த்துக் கேசரி வாங்கிக்கொண்டு ஓடியது. ‘எல்லார் வீட்டு லெட்டர் பாக்ஸ்லயும் கார்டு போட்டேன்க்கா. வருவாங்கன்னு நெனச்சேன்’ என்றாள். வந்து எட்டு மாசம் ஆகிறது, ஒருத்தர் வீட்டுக்குள்ளும் அவள் போனதில்லை. ஒருத்தர் பெயரும் தெரியாது. பார்ட்டி வைத்தால் நாலு பேர் பழக்கமாவார்களே என்றுதான் ஒத்துக்கொண்டிருக்கிறாள். பரிசாகக் கிடைக்கப்போகும் ஹாட்பேக்கைப் பற்றி வீட்டுக்காரரிடம் வேறு சொல்லியாயிற்று.

இருபத்தைந்து நாற்காலிக்கு நடுவில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து பஜ்ஜி தின்றோம். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நாற்காலிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கிக்கொண்டே, ‘அடுத்த வாரம் நீங்க சும்மா ஒரு நாள் வருவீங்களாக்கா?’ என்று கேட்டாள்.

போனேன். டப்பா எடுத்துப் போகவில்லை.

அன்றிலிருந்து சீட்டு எழுதுகிறவர்களிடம் முதலில் நான் கேட்பது ஒன்றுதான்: ‘போன மாசம் யார் யார் வீட்டுல உட்கார்ந்து காபி குடிச்சீங்க?’ நாலு பெயர் சொன்னால் பார்ட்டி. சொல்லாவிட்டால் தேதி கொடுக்க மாட்டேன். ‘பக்கத்துல ஒரு வீட்டுல பார்ட்டி இருக்கு, நீங்க கெஸ்ட்டா வாங்க’ என்பேன். அவளையும் அப்படித்தான் தி.நகரில் ஒரு பார்ட்டிக்கு அழைத்துப் போனேன். அங்கே அவளுடைய ஃபிளாட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு டீச்சர் பழக்கமானார். மற்றது மெதுவாக வந்தது.

தேதி கொடுத்தவர்களோடு குறைந்தது ஒரு மணி நேரம் உட்கார்வேன். பெயர்ப் பட்டியலை எதிரிலேயே எழுத வைப்பேன். சொந்தக்காரர், அக்கம்பக்கம், ஆபீஸ், குழந்தை ஸ்கூல் வாசலில் நிற்கிற அம்மாக்கள், பஜனை கோஷ்டி, தையல் கிளாஸ். என் அனுபவத்தில் நாற்பது பெயர் எழுதினால் இருபது பேர் ‘கட்டாயம் வரேன்’ என்பார்கள், பத்துப் பேர் வருவார்கள். கார்டை நம்பாதீர்கள், இப்போது வாட்ஸ்அப் குரூப்பையும் நம்பாதீர்கள். எல்லாருக்கும் போட்ட மெசேஜ் யாருக்கும் போடாத மெசேஜ். போன் பண்ணிப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், முந்தின நாள் சாயங்காலம் இன்னொரு தடவை. வர முடியாதவர்களிடம் கேட்லாக்கை முன்னாடியே காட்டி ஆர்டர் வாங்கிவிட்டால், கூட்டம் குறைந்தாலும் பரிசு குறையாது.

டிபன் ஒரு இனிப்பு, ஒரு காரம், காபி. அதற்கு மேல் செய்தால் எனக்குக் கோபம் வரும். வீட்டுக்காரம்மா ஐந்து ஐட்டம் செய்துவிட்டால், ‘நம்மால இப்படி முடியாதுப்பா’ என்று பயந்து அங்கே ஒருத்தரும் அடுத்த பார்ட்டிக்குத் தேதி கொடுக்க மாட்டார்கள்.

அப்புறம் நாற்காலி. எட்டுதான் போட வேண்டும். ஒன்பதாவது ஆள் வந்தால் உள்ளேயிருந்து எடுத்து வரலாம், ‘ஐயோ இடமில்லையே’ என்று ஒரு சந்தோஷம். காலி நாற்காலி இருக்கிற ஹாலில் யாருக்கும் வாங்கக் கை வராது.

கொலு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் விரிக்க ஆரம்பித்ததும் எனக்குக் கை பரபரக்கும். ஒன்பது நாளும் வீடு வீடாகப் பெண்கள் தாங்களாகவே வருகிறார்கள். உட்காருகிறார்கள், பாடுகிறார்கள், சுண்டல் வாங்கிக்கொள்கிறார்கள். பிரவுனி வைஸ் பிறப்பதற்கு முன்பே நம் பாட்டிகள் நடத்திய பார்ட்டி! ஒரு வருஷம், கொலுப் படிக்குப் பக்கத்தில் என் மேஜையைப் போட்டுக்கொள்ளலாமா என்று சித்திரக்குளம் பக்கத்து மாமி ஒருவரைக் கேட்டேன். என்னிடம் நூறு டப்பாவுக்கு மேல் வாங்கியவர். ‘வெத்தலை பாக்கு குடுக்கற கையால பில்லையும் குடுக்கப்படாதுடீ’ என்றார். குங்குமம் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வழியெல்லாம் மாமி மேல் கோபம். வீட்டுக்கு வந்து யோசித்தால் அவர் சொன்னது சரி. என் தொழிலே சிநேகிதத்தைக் கடன் வாங்கி நடத்துவது. கூப்பிட்டதற்காக வந்தவள், வந்துவிட்டதற்காக வாங்குகிறாள். இது எனக்குத் தெரியாதது இல்லை. அதனால் என் ஹோஸ்டஸ்களுக்கு இன்னொரு விஷயமும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்: கூப்பிடும்போதே ‘டப்பா பார்ட்டி’ என்று சொல்லிவிட வேண்டும். ‘சும்மா ஒரு காபிக்கு வாங்க’ என்று கூப்பிட்டுவிட்டுக் கேட்லாக்கை நீட்டக் கூடாது. கொலுவில் நான் விற்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், தாம்பூலப் பையில் வைத்துக் கொடுக்க முப்பது, நாற்பது என்று சின்ன டப்பாக்களுக்கு மாமிகள் ஆர்டர் கொடுப்பதும் அப்போதுதான்.

வெளியே தெரியாத இன்னொரு விஷயம். 2021 டிசம்பரில் மத்திய அரசு நேரடி விற்பனைக்குத் தனி விதிகளே கொண்டுவந்தது. விற்பனையாளராகச் சேர்வதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. ஆள் சேர்ப்பதற்குப் பணம் தரும் பிரமிட் திட்டங்கள் கூடாது. விற்பவர் அடையாள அட்டையும் முன் அனுமதியும் இல்லாமல் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போகக் கூடாது. உங்கள் வீட்டு ஹாலைக் கேட்டு யாராவது வந்தால் கார்டைக் கேளுங்கள். நான் சங்கடப்பட மாட்டேன்.

2024 செப்டம்பரில் டப்பர்வேர் அமெரிக்காவில் திவால் பாதுகாப்புக்கு மனு கொடுத்த செய்தி வந்தபோது, பத்து வருஷமாகப் பேசாதவர்கள்கூடப் போன் செய்தார்கள். ‘உன் டப்பாவுக்கும் ஆபத்தா?’ என்று. எங்கள் தொழில் இளைத்துப்போனது உண்மைதான். ஆன்லைனில் எல்லாம் கிடைக்கிறது, மூடியை எப்படி அழுத்துவது என்பதற்கு வீடியோ இருக்கிறது. கண்காட்சியில் கிண்ணம் நிறைய இப்போது நாலு நாள் ஆகிறது.

போன வருஷம் விஜயதசமி முடிந்து ஒரு சனிக்கிழமை, மூன்றரை மணி. அதே அடையாறு ஃபிளாட், அன்று கையில் இருந்த குழந்தை இப்போது காலேஜுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தது. முந்தின நாளே போன் வந்துவிட்டது, ‘அக்கா, எத்தனை நாற்காலி போடட்டும்?’ எட்டு என்றேன். பதினோரு பேர் வந்தார்கள். மூன்று பேர் கட்டில் மேல். கேசரி கொஞ்சம் குறைந்துபோனது.