அழிவுக்கு இங்கிலீஷில் எத்தனை பெயர்!

கும்பகோணம்

அன்புள்ள கயலுக்கு,

சித்தப்பா எழுதுவது. சித்தி உனக்குத் தனியாக முறுக்கு அனுப்பியிருக்கிறாள். கூரியர்காரர் தூளாக்காமல் கொண்டுவந்து சேர்த்தால் அது உன் அதிர்ஷ்டம்.

புயல் செய்தியில் "மாமரங்கள் எல்லாம் டெசிமேட் ஆயின" என்று நீ எழுதியதை உன் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிட்டார், காரணமும் சொல்லவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். காரணம் பழைய ரோமாபுரியில் இருக்கிறது. போரில் புறமுதுகு காட்டிய படைப்பிரிவுக்கு ரோமானியர் கொடுத்த தண்டனை அது. பத்துப் பத்துப் பேராகப் பிரித்துச் சீட்டுப் போடுவார்கள். சீட்டு விழுந்தவனை அவனுடைய தோழர்களே அடித்துக் கொல்ல வேண்டும். தப்பியவர்களுக்குக் கோதுமைக்குப் பதில் வாற்கோதுமை, படுக்கை பாசறைக்கு வெளியே. வழக்கொழிந்து கிடந்த இந்தத் தண்டனையை, ஸ்பார்ட்டகஸின் அடிமைப் படைக்குப் பயந்து ஓடியவர்கள்மீது ரோமானியத் தளபதி கிராசஸ் மறுபடி பாய்ச்சினான். ஆக, அந்தச் சொல்லுக்குள் பத்தில் ஒன்று என்று ஒரு கணக்கு உட்கார்ந்திருக்கிறது. பழைய ஆட்கள் இதைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கே வருவார்கள். நான் அவ்வளவு கறார் இல்லை. பெரும்பகுதி அழிந்தது என்ற பொருளை அகராதிகளே ஏற்று நெடுங்காலம் ஆகிறது. ஆனால் நீ "எல்லாம்" என்று சேர்த்தாயே, அங்கேதான் இடிக்கிறது. ஒன்றுகூட மிஞ்சவில்லை என்றால் 'அனைஹிலேட்' இருக்கிறது. லத்தீனில் 'நிஹில்' என்றால் ஒன்றுமில்லை.

அதே செய்தியில் புயல் 'ஹாவக்' செய்தது என்றும் எழுதியிருக்கிறாய். அதை மட்டும் விட்டுவிட்டாராம்! அது ஒரு காலத்தில் போர்க்களத்துக் குரல். இனிக் கொள்ளையடிக்கலாம் என்று படையை அவிழ்த்துவிடும் கூப்பாடு. ஸ்காட்லாந்துமீது படையெடுத்த இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் 1385-இல் போட்ட படை விதிகளின்படி, அந்தக் குரல் கொடுப்பவனுக்குத் தலை தப்பாது. ஷேக்ஸ்பியர் தம் ஜூலியஸ் சீசர் நாடகத்தில் ஆண்டனியின் வாயில் அதைப் போட்டதும் அந்தப் பொருளில்தான். இன்றைக்குச் சமையலறையில் புகுந்த குரங்குகூட ஹாவக் செய்கிறது. போகட்டும், பல் விழுந்த சொல்.

எனக்குப் பிடித்தது 'ரூயின்'. மற்றவை அழிக்கும் செயலோடு நின்றுவிட, இது அழிந்தபின் மிஞ்சி நிற்பதையும் சொல்லும். பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலச் சீமான்களுக்கு இதில் ஒரு பித்து. தோட்டத்தில் பாழடைந்த கோட்டை இல்லையென்றால், ஆள் வைத்துப் புதிதாகவே கட்டிக்கொண்டார்கள், பாதிச் சுவரும் சரிந்த கோபுரமுமாக. ஹாக்லி பூங்காவில் சாண்டர்சன் மில்லர் அப்படிக் கட்டிய பொய்க் கோட்டை இன்றும் நிற்கிறது. ஜான் சோன் என்ற கட்டடக் கலைஞர் இன்னும் ஒரு படி மேலே போனார். பாங்க் ஆஃப் இங்கிலாந்துக்குத் தாம் கட்டிய கட்டடம் கம்பீரமாக நிற்கும்போதே, அது பாழாய்க் கிடப்பதுபோல ஜோசப் காண்டியை வரையச் சொன்னார். 1830-இல் வந்த படம் அது. ரோமைப் போல நாமும் ஒருநாள் பாழாவோம் என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை!

அதே ஊரில் ஒரு பெண்ணை 'ரூயின்ட்' என்றால் விஷயமே வேறு. எவனோ ஆசைகாட்டி ஏமாற்றிவிட்டுப் போயிருப்பான். கெட்டுப்போனவள் அவள் ஒருத்திதான். கெடுத்தவனைப் பற்றி அந்தச் சொல்லில் மூச்சு இருக்காது. தாமஸ் ஹார்டி இதைக் கிண்டல் செய்து ஒரு கவிதையே எழுதினார். அதில் கெட்டுப்போனவள் நல்ல உடையும் நகையுமாக வருகிறாள், ஒழுங்காக இருந்த காலத்தில் கந்தலோடு கிழங்கு தோண்டிக்கொண்டிருந்தவள்தான் அவள்.

செய்தவனை மறைக்கும் இந்த வித்தையைத்தான் நீ கவனிக்க வேண்டும். பந்தயத்தில் கால் முறிந்த குதிரை 'டெஸ்ட்ராய்' செய்யப்பட்டது என்று இங்கிலாந்துப் பத்திரிகைகள் எழுதும். வலியிலிருந்து விடுவிக்கக் கொன்றார்கள் என்று அர்த்தம். குதிரை விஷயத்தில் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். மனிதர் விஷயத்துக்கு வா.

1942 மார்ச்சில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் அறிவியல் ஆலோசகர் செர்வெல் பிரபு அவருக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். வீடு இடிந்தால் மக்களின் மனவுறுதி போய்விடும், நண்பர்களும் உறவினரும் சாவதைவிட அதுதான் அவர்களை அதிகம் உலுக்குகிறது என்பது வாதம். ஆகவே ஜெர்மன் நகரங்களின் குடியிருப்புகள்மீது குண்டு போடலாம். இந்தக் கொள்கைக்கு வந்த பெயர் 'டீஹவுசிங்'. ஏதோ வீட்டுவசதி வாரியத்துக் கோப்பு மாதிரி இல்லை? அடுத்த ஆண்டு ஜூலையில் ஹாம்பர்க் நகரம் எரிந்தபோது செத்தவர்கள் 30,000-க்கும் மேல். வீட்டுக்குள் ஆள் இருப்பார்கள் என்பது அந்தச் சொல்லில் இல்லவே இல்லை. பிற்பாடு அமெரிக்கப் படையினர், தாக்குதலில் மாட்டிச் செத்த பொதுமக்களை 'கொலாட்டரல் டேமேஜ்' என்றார்களே, அதுவும் இந்த வம்சம்தான். ஹாவக் குரல் கொடுத்தவனாவது ஊர் கேட்கக் கத்தினான்.

எதிர்த்திசையில் போன ஒரு சொல்லும் உண்டு. ரஷ்ய மண்ணில் ஜெர்மானியர் செய்த கொலைகளைப் பற்றி 1941 ஆகஸ்டில் வானொலியில் பேசிய சர்ச்சில், இந்தக் குற்றத்துக்குப் பெயரே இல்லை என்றார். போலந்து யூத வழக்கறிஞர் ராபேல் லெம்கின் பெயர் கொடுத்தார். இனத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு கொலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லை ஒட்டி, 1944-இல் வெளியான தம் நூலில் 'ஜெனோசைட்' என்று எழுதினார். இலக்கணப் பண்டிதர் பார்த்தால் இரண்டு மொழியைக் கலந்த குறைப்பிரசவம் என்பார். ஆனால் 1948 டிசம்பர் 9 அன்று ஐ.நா. பொதுச்சபை அந்தப் பெயரிலேயே உடன்படிக்கையை ஏற்றது. கொன்றவனைக் கூண்டில் ஏற்ற அந்தச் சொல் வேண்டியிருந்தது.

உன் மேசைக்கும் போர்ச் செய்தி வரும். படைத்துறைப் பேச்சாளர் 'கொலாட்டரல் டேமேஜ்' என்றால், அதை உன் சொந்த வாக்கியத்தில் கலந்துவிடாதே. மேற்கோள் குறிக்குள் போட்டுச் சொன்னவரின் பதவியையும் எழுது. செத்தவர் எத்தனை பேர், குண்டு விழுந்த தெரு எது என்பதும் பக்கத்திலேயே வரட்டும். டெசிமேட்டை அடித்ததற்காக ஆசிரியரிடம் கோபித்துக்கொள்ளாதே. செத்தவர் கணக்கையும் தெருப் பெயரையும் அடித்தால் மட்டும் விடாதே.

அன்புடன்,
சித்தப்பா