எழுவாய்

ஓய்வு பெற்றுப் பத்தொன்பது மாதம் கழித்து எனக்குப் பணிக்கொடை வந்தது. தொகையில் குறைவில்லை. வட்டி கேட்டு மனு எழுத உட்கார்ந்தேன். ஐயம்பேட்டையில் பகல் முழுதும் தறிச் சத்தம். அது எனக்குத் தொந்தரவில்லை. முதல் வாக்கியம்தான் நிறுத்திவிட்டது: 'தாமதம் ஏற்பட்டுள்ளது.'

மழை பெய்தது என்பதைப் போல. முப்பத்தோரு வருஷம் குமாஸ்தாவாக இருந்து இந்த வாக்கியத்தை எத்தனையோ பேருக்கு அனுப்பியவன் நான். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது.' பரிசீலிப்பது யார் என்பது அதில் இல்லை. ஆபீஸ் தமிழ் எழுவாயை ஒழித்துவிட்ட தமிழ். எழுவாய் இல்லாத இடத்தில் குற்றமும் இல்லை.

கேரள அரசுக்கும் பத்மநாபன் நாயருக்கும் நடந்த வழக்கின் தீர்ப்பை அப்போதுதான் முழுதாகப் படித்தேன். 1973 மே மாதம் ஓய்வு பெற்றவருக்கு 1975 ஆகஸ்டில்தான் பணம் கிடைத்தது. கடைசிச் சம்பளச் சான்றிதழை அவர் கொண்டுவரவில்லை என்றது அரசு. அதாவது எழுவாய் இருந்தது, தவறான எழுவாய். சான்றிதழ் தரவேண்டியது கருவூல அதிகாரியின் கடமை என்று வாக்கியத்தைத் திருத்தின நீதிமன்றங்கள். ஓய்வூதியமும் பணிக்கொடையும் அரசு மனமிரங்கிப் போடுவதல்ல, ஊழியரின் சொத்து. குற்றமான தாமதத்துக்கு வட்டிதான் தண்டனை என்று 1984 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அவர் கேட்டது 12 சதவீதம், கிடைத்தது 6. கூடுதலுக்கு அவர் மேல்முறையீடு செய்யாததால் உயர்த்த வழியில்லாமல் போயிற்று. 2008இல் எஸ்.கே. துவா வழக்கில் இன்னும் ஒரு படி: விதி எதுவும் இல்லாவிட்டாலும் அரசியல் சட்டத்தின் 14, 19, 21ஆம் ஷரத்துகளைக் கொண்டே வட்டி கேட்கலாம்.

ஆறு சதவீதத்தில் யாரும் பணக்காரனாவதில்லை. காத்திருந்தது தானாக நேர்ந்ததல்ல, ஒருவர் இன்னொருவருக்குச் செய்தது என்பதற்கு அது ரசீது.

பக்கத்து வீட்டு நெசவாளரிடம் மனுவைப் படித்துக் காட்டினேன். பாவு அறுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த பாவுக்காக உட்கார்ந்திருந்தார். "உங்களுக்குக் கேக்கறதுக்கு ஒரு ஆபீஸாவது இருக்கு சார். பாவு வராம தறி நின்ன நாளுக்கு நான் யாரப் போய்க் கேக்கறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

மனுவைத் திருத்தினேன். 'தாங்கள் தாமதித்தீர்கள்.' எழுதும்போது கை கொஞ்சம் கூசியது. மரியாதைக் குறைவு என்பதால் அல்ல.

பல வருஷங்களுக்கு முன், இறந்துபோன ஒரு காவலாளியின் மனைவி என் மேஜைக்கு மூன்று முறை வந்தாள். பணிப் பதிவேட்டில் ஒரு தேதி ஒத்துவரவில்லை. விளக்கம் கேட்டு மேலே ஒரு கடிதம் எழுதினால் போதும். அரைமணி நேர வேலை. ஏழு மாதம் அந்த ஃபைல் என் இடது கைப்பக்கம் கிடந்தது. தாமதம் ஏற்பட்டுள்ளது என்று அவளுக்குச் சொன்னேன். அவள் வட்டி கேட்கவில்லை. கேட்கலாம் என்று நானும் சொல்லவில்லை.

அந்த வாக்கியத்தின் எழுவாய் நான்.