பார்க்கிங்ல நிக்கற அங்கிள் வண்டி

மெக்கானிக்கல் பிளாக் பின்னாடி இருக்கற பார்க்கிங்ல வரிசையா டியூக், ஆர்15, என்எஸ், நடுவுல ரெண்டு புல்லட் நிக்கும். கடைசித் தூண் பக்கத்துல சாம்பல் கலர்ல ஒரு ஹோண்டா யூனிகார்ன். யாரோ லேப் அசிஸ்டன்ட் சாரோட வண்டின்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்கீங்க. என்னோடதுதான். வாங்கி நாலு மாசம் ஆச்சு. "இருபது வயசுல ஏண்டா அங்கிள் வண்டி?"ன்னு கேக்காத ஆளே கிளாஸ்ல இல்ல. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லி வாய் வலிக்குது. அதனால இங்க ஒரே தடவையா எழுதிடறேன்.

எங்க ஊர் அன்னூர் பக்கம். காலேஜுக்கு சத்தி ரோட்டுல ஒரு பக்கம் 22 கிலோமீட்டர். ரெண்டு வருஷம் பஸ்லதான் வந்தேன். அம்மாவும் அதே பஸ். கோவில்பாளையம் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லுல வேலை. அப்பாவுக்கு வேலை அவிநாசியில, நேர் எதிர்ப்பக்கம். அவரோட பழைய ஸ்ப்ளெண்டர் காலைல ஏழு மணிக்கே கிளம்பிடும்.

போன ஜூலை மாசம் ஒரு மழை நாள். படியில நின்னுட்டு வந்த அம்மா, ஸ்டாப்புல எறங்கறப்ப கால் வழுக்கி விழுந்துட்டாங்க. கணுக்கால் பிசகிடுச்சு. எலும்புக்கு ஒண்ணும் இல்லன்னு டாக்டர் சொன்னார். ஆனா பதினோரு நாள் வேலைக்குப் போக முடியல, பதினோரு நாள் சம்பளமும் இல்ல. திரும்ப வேலைக்குப் போன அன்னிக்கு சாயங்காலம், வெங்காயம் உரிச்சுட்டே சொன்னாங்க: "அடுத்த மாசம் நம்ம சீட்டு எடுக்கறோம் கண்ணு. நீ ஒரு வண்டி எடுத்துக்க. உனக்குப் புடிச்சதா பாத்து எடு."

இப்ப யோசிச்சா கொஞ்சம் வெக்கமாத்தான் இருக்கு. அம்மா சொன்னதுல எனக்குக் காதுல விழுந்தது "உனக்குப் புடிச்சதா" மட்டும்தான். அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் யூடியூப். எக்ஸாஸ்ட் சத்தம் மட்டும் தனியா ஒரு மணி நேரம் கேட்டேன்.

எனக்குப் புடிச்சது ஒரு ஃபேரிங் வெச்ச ஸ்போர்ட்ஸ் பைக். பேர் சொல்லல, சொன்னா ரசிகர் மன்றம் சண்டைக்கு வரும். ஃபிரண்ட் ஒருத்தன் அதே வண்டி வெச்சிருந்தான். செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறப்ப "ஒரு வாரம் ஓட்டிப் பாருடா"ன்னு சாவியைக் குடுத்துட்டுப் போனான். முதல் நாள் நான் நானாவே இல்ல. பேக்கரி கண்ணாடியில வண்டியோட என் நிழலைப் பாத்துட்டே போனேன். ரெண்டாவது நாளும் ஜோர்தான். மூணாவது நாள் சரவணம்பட்டி டிராஃபிக்ல முக்கால் மணி நேரம் மாட்டினப்பதான் மணிக்கட்டு பேச ஆரம்பிச்சது. நாலாவது நாள் கழுத்தும் சேர்ந்துக்கிச்சு.

இது அந்த வண்டியோட குத்தம் இல்ல. ஹேண்டில்பார், சீட், ஃபுட்பெக் மூணையும் கோடு போட்டு இணைச்சா ஒரு முக்கோணம் வரும்ல, நாம உக்கார்ற விதமே அந்த முக்கோணம்தான். ஸ்போர்ட்ஸ் பைக்ல ஹேண்டில்பார் கீழயும் முன்னாடியும் போகும், ஃபுட்பெக் மேலயும் பின்னாடியும் போகும். உடம்பு முன்னாடி சாயும். நூறுக்கு மேல போறப்ப எதிர்க்காத்து நெஞ்சைத் தாங்கிப் பிடிக்கும், அதனால கை மேல பாரம் இருக்காது. நாப்பதுல போனா எங்க காத்து? அந்தப் பாரம் மொத்தமும் ரெண்டு மணிக்கட்டுலதான் இறங்கும். சத்தி ரோட்டுல பீக் அவர்ல நாப்பதே பெரிய விஷயம்.

சரி, வலி பழகிடும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். ஞாயித்துக்கிழமை அம்மாவை உக்கார வெச்சு ஒரு ரவுண்டு போலாம்னு கூப்பிட்டேன். அங்கதான் எல்லாம் மாறிச்சு.

பின் சீட் உள்ளங்கை அகலம், அதுவும் என் சீட்டை விட ஒரு படி மேல. அம்மா சேலையில ஒரு பக்கமா உக்காரணும். ரெண்டு தடவை ஏறப் பாத்தாங்க. மூணாவது தடவை ஏறி என் தோளைப் பிடிச்சாங்க, இன்னொரு கைக்குப் பிடிக்க எதுவுமே இல்ல. நான் கிளட்சை விட்டதும் அந்தக் கை என் சட்டையை இறுக்கிப் பிடிச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. பத்தடி கூட போகல. "நிறுத்து சாமி." எறங்கிட்டாங்க. முகத்துல ஒண்ணும் காட்டிக்கல. "வண்டி நல்லாத்தான் இருக்குது. நீ இதையே எடுத்துக்க கண்ணு. எனக்குத்தான் பஸ் சும்மா வருதில்ல."

2021-ல இருந்து டவுன் பஸ்ல பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அதைச் சொல்றாங்க. அந்தப் படியில விழுந்த ஆள் சொல்றாங்க.

அடுத்த நாள் அப்பாவோட ஸ்ப்ளெண்டரைப் பாக்கற மெக்கானிக் அண்ணன்கிட்ட போனேன். அவர் ஸ்பேனரைக் கூட கீழ வைக்கல. "தம்பி, ஷோரூமுக்குப் போனா எல்லாரும் ஓட்டிப் பாப்பாங்க. நீ உக்காந்து பாரு, பத்து நிமிசம், அசையாம. அப்பறம் பின்னால யாரு உக்காரப் போறாங்களோ அவிங்கள உக்கார வையி." இதை எந்த ரிவ்யூலயும் நான் கேக்கல.

அதுக்கப்பறம்தான் நோட்டு எடுத்துக் கணக்குப் போட்டேன். முதல்ல ஸ்ப்ளெண்டர். 97.2 சிசி, 112 கிலோ, 8 பிஎஸ். தனியா ஓட்ட, மைலேஜுக்கு, அதை அடிச்சுக்க ஆள் இல்லதான். ஆனா நான் 68 கிலோ, அம்மா 60. மொத்தம் 240 கிலோவை 8 பிஎஸ் இழுக்கணும். டன்னுக்கு 33 பிஎஸ் வருது. கணேசபுரம் தாண்டி ஒரு லாரியை ஓவர்டேக் பண்றப்ப எதிர்ல பஸ் வந்தா அந்த 33 எவ்வளவு கம்மின்னு தெரியும். யூனிகார்ன் 162.7 சிசி, 13 பிஎஸ், சுமார் 140 கிலோ. அதே கணக்குல 49 வருது. அதோட சின்ன எஞ்சினை முறுக்கி ஓட்டினா அதிர்வு வேற. சிங்கிள் சிலிண்டர்ல பிஸ்டன் ஏறி இறங்கற விசையை முழுசா பேலன்ஸ் பண்ண முடியாதுன்னு டைனமிக்ஸ் பேப்பர்ல படிச்சோம்ல, அதுதான். 6000 ஆர்பிஎம்னா செகண்டுக்கு நூறு தடவை உள்ளங்கையில தட்டுது. பெரிய எஞ்சின் அதே ஸ்பீடை சாவகாசமா பிடிக்கும்.

ஷைன் 125 கிட்டத்தட்ட முடிவே ஆயிடுச்சு. சீட் நல்லா இருந்தது, எடையும் கம்மி. என்னைத் தடுத்தது பிரேக். 125 சிசிக்கு மேல இருக்கற வண்டிக்குத்தான் 2019 ஏப்ரல்ல இருந்து ஏபிஎஸ் கட்டாயம், அதுக்குக் கீழ சிபிஎஸ் இருந்தா போதும்னு அப்ப விதி இருந்தது. மழை ரோட்டுல அம்மாவைப் பின்னாடி வெச்சுட்டு சடன் பிரேக் அடிக்கறதைக் கற்பனை பண்ணிப் பாத்தேன். முன் வீலுக்காவது ஏபிஎஸ் வேணும்னு தோணிச்சு. கிளாசிக் 350-யும் பாத்தேன், பொய் சொல்ல மாட்டேன். சுகமான வண்டிதான். ஆனா 195 கிலோ. எங்க வீட்டு சந்துல அதை ரிவர்ஸ் எடுக்க ஒரு ஆளை வேலைக்கு வைக்கணும்.

அம்மாவையும் கூட்டிக்கிட்டு ஷோரூம் போனேன், பையில டெய்லர் இன்ச் டேப்போட. சேல்ஸ் அண்ணன் ஸ்பீடு, மைலேஜ், ஈஎம்ஐன்னு ஆரம்பிச்சார். நான் சீட்டை அளந்தேன். ஒரே நீள சீட்டு, 70 சென்டிமீட்டரைத் தாண்டிச்சு. தரையில இருந்து 798 மில்லிமீட்டர் உயரம், என் ரெண்டு பாதமும் தரையில பதியுது. அம்மா ஒரே தடவையில ஏறி உக்காந்தாங்க. வலது கை பின்னாடி கிராப் ரெயிலைத் தானா தேடிப் பிடிச்சது, கால் சேலை கார்டு மேல இருக்கற படியில நின்னுச்சு. பத்து நிமிஷம் அப்படியே உக்கார வெச்சேன். "என்னடா, போட்டோ எடுக்கறியா?"ன்னு கேட்டாங்க.

சேலை கார்டுன்னதும் ஞாபகம் வருது. புது வண்டி எடுத்ததும் நம்ம பசங்க முதல்ல கழட்டறது அதைத்தான், லுக் கெட்டுப் போகுதாம். கைப்பிடி, கால் வைக்கற படி, பின் வீல்ல பாதியாவது மறைக்கற தடுப்பு, இந்த மூணும் இருந்தே ஆகணும்னு மத்திய மோட்டார் வாகன விதிகள்ல 123-வது விதி சொல்லுது. துப்பட்டா வீல்ல சிக்கின செய்தி எல்லாம் நாம படிச்சதுதானே. கழட்டினவங்க தயவு பண்ணித் திரும்ப மாட்டுங்க.

செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமா குறைஞ்சதால விலையும் கொஞ்சம் இறங்கியிருந்தது. சீட்டுப் பணம், அதுக்கு மேல ஒரு சின்ன லோன். அப்பா கேட்டது ஒரே கேள்வி: "டயர் ட்யூப்லெஸ்ஸா?" ட்யூப்லெஸ்தான்.

குறை இல்லாம இல்ல. பின்னாடி இன்னும் டிரம் பிரேக்தான். எல்ஈடி லைட், டிஜிட்டல் மீட்டர், யூஎஸ்பி எல்லாம் குடுத்துட்டாங்க, ஆனா உருவம் 2004-ல முதல்ல வந்த யூனிகார்னோட சொந்தக்காரன் மாதிரியேதான் இருக்கு. ஃபிரண்ட்ஸோட ஊட்டி போனப்ப கல்லாறு தாண்டின கொண்டை ஊசி வளைவுல எல்லாரும் என்னைத் தாண்டிப் போனாங்க, வலிச்சது. மேல போய்ச் சேர்ந்ததும் மணிக்கட்டைப் பிடிச்சுவிட்டுக்காத ஒரே ஆள் நான்தான்னு சொல்லிக்கலாம், இருந்தாலும் வலிச்சதுதான்.

இப்ப காலைல ஏழே முக்காலுக்குக் கிளம்பறோம். முதல் வாரம் அம்மா கிராப் ரெயிலை விடவே இல்ல. இப்ப ஒரு கையில டிபன் பை, இன்னொரு கை என் தோள் மேல சும்மா இருக்கு. வழி நெடுக மில்லுக் கதை, பக்கத்து வீட்டுக் கதை. மில் வாசல்ல எறங்கி, சைடு மிரர்ல முடியைச் சரி பண்ணிக்கிட்டு, ஹெல்மெட்டை என்கிட்ட குடுத்துட்டுப் போவாங்க. சாயங்காலம் ஷிப்ட் முடியற வரைக்கும் நான் லைப்ரரில இருக்கேன். அரியர் ஒண்ணு கிளியர் ஆனதுக்குக் காரணமும் அதுதான்.

கடைசியா ஒண்ணு. என் வண்டியில தொங்கற ரோஸ் கலர் ஹெல்மெட் யாரோடதுன்னு கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்ல ஓட்டெடுப்பு நடத்தின நல்லவங்களே, நாலு பேர் பேர் போட்டீங்க, நாலும் தப்பு. காலைல எட்டே காலுக்கு கோவில்பாளையம் ஸ்டாப்புக்கு வாங்க, அறிமுகம் பண்ணி வைக்கறேன்.