மானை அழைக்கும் குரல்

மான் கத்துமா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் பலரும் கொஞ்சம் யோசிப்பார்கள். மாடு கத்தும், ஆடு கத்தும், நாய் குரைக்கும். மான் என்றால் மிரண்டு பார்க்கும், துள்ளி ஓடும், அவ்வளவுதான். அதன் குரல் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. ஆனால் மான்கள் ஒன்றும் ஊமைகள் இல்லை. வட அமெரிக்காவில் வாழும் வெள்ளைவால் மான் பத்துக்கும் மேற்பட்ட விதமாகக் குரல் எழுப்புகிறது. ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இந்தக் குரல்களையெல்லாம் பதிவுசெய்து, 1988இல் வகைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள். அவற்றில் நாலைந்து குரல்களைப் பழகிக்கொண்டு, மானிடம் மான் மாதிரியே பேசி, அதைப் பக்கத்தில் வரவழைக்கிறார்கள் அமெரிக்காவின் வில்வேட்டைக்காரர்கள். அது எப்படி? ஏன்? அது சரிதானா? இதுதான் இந்தக் கட்டுரை.

(முதலிலேயே ஒரு எச்சரிக்கை: இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இது படித்துத் தெரிந்துகொள்ள மட்டுமே! யாரும் வில்லைத் தூக்கிக்கொண்டு முதுமலைக்குக் கிளம்பிவிட வேண்டாம்.)

மானை எதற்காகக் கூப்பிட வேண்டும்? துப்பாக்கி வைத்திருப்பவருக்கு அவ்வளவு அவசியம் இல்லை. இருநூறு மீட்டர் தள்ளி நிற்கும் மானையும் அவரால் சுட முடியும். வில்லாளியின் நிலைமை வேறு. மான் இருபது, முப்பது மீட்டருக்குள் வந்தால்தான் அவர் நம்பிக்கையோடு அம்பு விட முடியும். காட்டில் மோப்பமும் செவியும் மிகுந்த ஒரு மிருகத்தை அவ்வளவு நெருங்குவது லேசுப்பட்ட காரியமா? காய்ந்த சருகில் கால் வைத்தாலே ஓடிவிடும். அதனால்தான் வேட்டைக்காரர் மானிடம் போவதில்லை. மரத்தில் ஐந்தாறு மீட்டர் உயரத்தில் பரண் கட்டி உட்கார்ந்துகொண்டு, மானை வரச் சொல்கிறார்.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கப்பிகள் வைத்த நவீன வில்லை ஹோலஸ் வில்பர் ஆலன் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தார். அதற்கு 1969இல் காப்புரிமை கிடைத்தது. அந்த வகை வில்லிலிருந்து கிளம்பும் அம்பு நொடிக்குச் சுமார் 90 மீட்டர் வேகத்தில் போகும். ஒலியோ நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். முப்பது மீட்டர் தூரத்தில் நிற்கும் மானுக்கு நாண் அதிர்ந்த சத்தம் நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் கேட்டுவிடும். அம்பு போய்ச்சேர மூன்றில் ஒரு பங்கு நொடி ஆகும். இடையில் கால் நொடி! பதற்றமாக நிற்கும் மானுக்கு அது போதும். பாய்வதற்காகக் கால்களை மடக்கி உடலைத் தாழ்த்தும். அம்பு முதுகுக்கு மேலே போய்விடும். அப்படி முழுதாகத் தவறினால்கூடப் பரவாயில்லை. படக்கூடாத இடத்தில் பட்டால், அந்த மான் எங்கோ புதருக்குள் போய் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் துடித்துச் சாகும். ஆக, மான் பக்கத்தில் வந்தால் மட்டும் போதாது. பதறாமல் வர வேண்டும். கூப்பிடத் தெரிவதும், எப்போது வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்று தெரிவதும் இங்கே சமமான திறமைகள்.

சரி, என்னென்ன குரல்கள்?

முதலாவது, ஆண் மானின் உறுமல். பன்றி உறுமுவது போலத் தாழ்ந்த, குட்டையான சத்தம். ஒரு குழாய்க்குள் சீவாளி மாதிரி ஒரு மெல்லிய தகட்டைப் பொருத்தி ஊதுவார்கள். பெண் மானின் பின்னால் போகும் கலைமான் இப்படி உறுமிக்கொண்டே போகும். அதைக் கேட்கும் இன்னொரு கலைமான், "என் இடத்தில் எவன்டா அது?" என்று பார்க்க வரும்.

இரண்டாவது, பெண் மானின் கத்தல். ஆட்டின் 'மே' சத்தத்தைக் கொஞ்சம் நீட்டி இழுத்தது போல இருக்கும். இதற்குச் சிறு டப்பா ஒன்று கடைகளில் கிடைக்கிறது. கவிழ்த்து நிமிர்த்தினால் தானே கத்தும். குழந்தைகளின் விளையாட்டுச் சாமான் மாதிரியே!

மூன்றாவது, கொம்புச் சத்தம். உதிர்ந்த கொம்புகள் இரண்டை எடுத்து மோதி, உரசி, இரண்டு ஆண் மான்கள் சண்டை போடுவது போன்ற ஓசையை உண்டாக்குவார்கள். சிலர் கூடவே தரையை உதைப்பார்கள், கிளையை ஒடிப்பார்கள். தெருவில் சண்டை என்றால் வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடுகிறதே, அதே கதைதான்.

இவையெல்லாம் வருடம் முழுவதும் பலிக்காது. பகல் குறையக் குறைய ஆண் மானின் உடலில் சுரப்புகள் மாறுகின்றன. செப்டம்பரில் கொம்பின் மேலுள்ள வெல்வெட் போன்ற தோல் உரிந்துவிடும். அமெரிக்காவின் வட மாநிலங்களில் நவம்பர் நடுவில் இணைசேர்க்கை உச்சத்தில் இருக்கும். சுமார் 200 நாள் கழித்து, மே கடைசியிலும் ஜூனிலும் குட்டிகள் பிறக்கும். ஆகவே அக்டோபர் கடைசியும் நவம்பரின் முதல் பாதியும்தான் அழைப்பவர்களுக்கு அறுவடைக் காலம். அப்போது கலைமான்கள் சரியாகத் தின்பதுகூட இல்லை. மற்ற மாதங்களில் சுதாரிப்பாக இருக்கும் அதே மிருகம், இந்த இரண்டு மூன்று வாரம் மட்டும் புத்தி கெட்டு அலையும்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் அதை ஏமாற்றுவது கடினம். மூக்கு! டெக்சாஸில் 1990களில் ஓர் ஆய்வு நடந்தது. ஒருவர் தரையில் மறைந்து கொம்புகளை மோதினார். இன்னொருவர் உயரமான கோபுரத்தில் நின்று கவனித்தார். மெல்ல மோதியதைவிடப் பலமாக மோதியபோது அதிக மான்கள் வந்தன. அவற்றில் பல, காற்று வீசிப்போகும் பக்கமாகச் சுற்றி வந்து மோந்து பார்த்தன. கோபுரத்தில் இருந்தவர் பார்த்த மான்களில் பலவற்றைத் தரையில் இருந்தவர் பார்க்கவே இல்லை. "கூப்பிட்டேன், ஒன்றும் வரவில்லை" என்று சலித்துக்கொள்ளும் வேட்டைக்காரர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டிய செய்தி இது. வந்திருக்கும்... மோந்து பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிப் போயிருக்கும்.

இந்தக் குழாய்களும் டப்பாக்களும் கடைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்த வித்தை இருந்தது. அதைச் சொல்லும்போது ஒருவரைச் சொல்லாமல் விட முடியாது. அவர் இஷி.

1911 ஆகஸ்டில், கலிபோர்னியாவின் ஓரோவில் என்ற ஊரில், இறைச்சிக்கூடம் ஒன்றின் அருகே பசியில் வாடிய ஒரு மனிதர் பிடிபட்டார். அவருடைய யாஹி இனத்தார் 1860களில் வெள்ளையர்களால் கொத்துக் கொத்தாகக் கொல்லப்பட்டிருந்தார்கள். தப்பிய சிலர் மலைகளில் நாற்பது வருடம் ஒளிந்து வாழ்ந்து, ஒவ்வொருவராக மறைந்துபோக, மிஞ்சியவர் இவர் ஒருவரே. தன் பெயரை அவர் சொல்லவில்லை. மானிடவியலாளர் ஆல்ஃபிரட் க்ரோபர் அவரை 'இஷி' என்று அழைத்தார். அவர்கள் மொழியில் 'மனிதன்' என்று அர்த்தம். சான்பிரான்சிஸ்கோவில் பல்கலைக்கழக அருங்காட்சியகத்திலேயே அவரைத் தங்கவைத்தார்கள்.

அங்கே சாக்ஸ்டன் போப் என்ற மருத்துவர் அவருக்கு நண்பரானார். வில் செய்வதையும் எய்வதையும் இஷியிடம் கற்றுக்கொண்டார். இஷி வேட்டைக்குப் போகும் விதத்தைப் போப் பின்னாளில் எழுதிவைத்தார். முந்தைய நாள் மீன் சாப்பிடமாட்டார், புகை பிடிக்கமாட்டார். காலையில் ஓடையில் குளித்து, வாசனை இலைகளை உடம்பில் தேய்த்துக்கொள்வார். எல்லாம் மானின் மூக்குக்குப் பயந்துதான். பிறகு மட்ரோன் என்ற மரத்தின் இளம் இலை ஒன்றை நீளவாக்கில் மடித்து, உதடுகளுக்கு இடையில் வைத்து உறிஞ்சுவார். பூவரச இலையைச் சுருட்டிப் பீப்பீ ஊதிய யாருக்கும், ஓர் இலையிலிருந்து என்ன சத்தமெல்லாம் வரும் என்று தெரியும். இஷியின் இலையிலிருந்து வந்தது மான்குட்டியின் அழுகை.

போப் 1923இல் எழுதிய வில்வேட்டைப் புத்தகம் அமெரிக்காவில் அந்தக் கலைக்குப் புது உயிர் கொடுத்தது. அவர் பெயரையும் அவர் தோழர் ஆர்ட் யங் பெயரையும் சேர்த்து 1961இல் ஒரு வில்வேட்டைச் சங்கமே தொடங்கினார்கள். இஷியோ 1916லேயே காசநோயால் இறந்துபோனார். உடலைச் சோதித்தபோது எடுக்கப்பட்ட அவர் மூளை வாஷிங்டனுக்கு அனுப்பப்பட்டு, 2000ஆம் ஆண்டில்தான் அவருடைய மக்களின் உறவினர்களிடம் திரும்பி வந்தது. தன்னிடம் இருந்த வித்தையையெல்லாம் சொல்லிக்கொடுத்த மனிதருக்கு அந்த ஊர் செய்த மரியாதை இது!

இப்போது அந்த மான்குட்டிக் குரலுக்கு வருவோம். அதற்கு எது வருகிறது? தாய் மான்கள் வருகின்றன.

2014இல் சூசன் லிங்கிள், டோபியாஸ் ரீடி என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காட்டில் ஒலிபெருக்கி வைத்து, வெவ்வேறு பிராணிகளின் குட்டிகள் அபயக்குரல் எழுப்புவதைப் போட்டுக் காட்டினார்கள். பூனைக்குட்டி, நாய்க்குட்டி, வௌவால் குட்டி, கடல்சிங்கக் குட்டி, ஏன், மனிதக் குழந்தையின் அழுகைகூட அதில் இருந்தது. குரலின் சுருதி மான்குட்டியின் சுருதிக்குப் பக்கத்தில் இருந்தால், தாய் மான்கள் ஒலிபெருக்கியை நோக்கி ஓடி வந்தன. யார் பெற்ற பிள்ளை என்று அவை கேட்கவில்லை. ஒரு குட்டி அழுகிறது, அவ்வளவுதான்.

இதைப் படித்த பிறகு அந்த ஊதுகுழலைக் கையில் எடுக்க யாருக்கும் கை கொஞ்சம் தயங்கத்தானே செய்யும்?

வேட்டைக்காரர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. 1900 வாக்கில் அமெரிக்காவில் வெள்ளைவால் மான்கள் சில லட்சம்தான் மிஞ்சியிருந்தன. வியாபாரத்துக்காகக் கண்மண் தெரியாமல் சுட்டதன் பலன். பிறகு சட்டங்கள் வந்தன. 1937இல் வந்த ஒரு சட்டம், துப்பாக்கி, தோட்டா விற்பனையில் கிடைக்கும் வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கு ஒதுக்கியது. வில், அம்பும் பின்னர் அதில் சேர்ந்தன. இன்று அங்கே கோடிக்கணக்கில் மான்கள். ஓநாயும் மலைச்சிங்கமும் பெரும்பாலான இடங்களில் இல்லாததால் அவற்றின் எண்ணிக்கையை மட்டுப்படுத்த ஆளில்லை. இளஞ்செடிகளை மேய்ந்து காட்டை வளரவிடாமல் செய்கின்றன. வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாகனங்கள் மான்கள் மீது மோதுகின்றன. பெண் மான்களைக் குறைத்தால்தான் பெருக்கம் குறையும் என்று வனத்துறைகளே சொல்கின்றன. வில் பருவம் வருவதற்குள் குட்டிகள் பெரும்பாலும் பால் மறந்து தானே மேயத் தொடங்கிவிடும் என்பதும் உண்மை.

ஏமாற்றுவது என்று பார்த்தால், பொறியும் வலையும்கூட ஏமாற்றுதான். பழந்தமிழில் 'பார்வை' என்ற சொல்லுக்கே, மற்ற விலங்குகளைப் பிடிப்பதற்காகப் பழக்கி வைத்திருக்கும் விலங்கு என்ற பொருள் உண்டு. பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடியிருப்பில், விளாமரத்தடியில் அப்படி ஒரு பார்வைமான் கட்டப்பட்டிருக்கிறது. மனிதன் வேட்டையாடிய இடங்களில் எல்லாம் இந்தத் தந்திரமும் இருந்திருக்கிறது.

ஆனால் தந்திரத்திலும் ஒரு வரம்பு உண்டு என்பதை வேட்டைக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள். பதிவு செய்த குரலை மின்கருவியில் ஒலிக்கவிட்டு மானை வரவழைப்பது சில மாநிலங்களில் சட்டப்படி தவறு. மேலே சொன்ன சங்கமும் அதை முறையான வேட்டையாக ஏற்பதில்லை. அப்படியென்றால், எந்தக் கருவியை எடுக்கிறோம் என்பதைப் போலவே, விலங்கின் எந்தக் குணத்தைத் தொட்டு இழுக்கிறோம் என்பதும் ஒரு கேள்விதானே?

உறுமலுக்கு வரும் கலைமான் சண்டைக்கு வருகிறது. அது ஆபத்து என்று அதற்கே தெரியும். கொம்பைத் தாழ்த்திக்கொண்டு, தயாராகத்தான் வருகிறது. குட்டியின் அழுகைக்கு வரும் தாய் மான் காப்பாற்ற வருகிறது. தனக்கு என்ன ஆகும் என்று எண்ணாமல் வருகிறது. முதலாவதில் தோற்பது அதன் வீம்பு. இரண்டாவதில் தோற்பது அதன் தாய்மை.

பசிக்காக இலையை உறிஞ்சிய இஷியை இதற்காக யாரும் குறை சொல்ல முடியாது. அவருக்கு அன்றைய சாப்பாடு அந்த இலையில்தான் இருந்தது. பொழுதுபோக்காகக் காட்டுக்குப் போகும் இன்றைய வில்லாளிக்கு அந்த நெருக்கடி இல்லை. பையில் உறுமல் குழாய் இருக்கிறது, கொம்பு இருக்கிறது, நவம்பர் மாதம் இருக்கிறது. அவை போதும். குட்டியின் குரலை மட்டும் அவர் வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம்.